சுடேட்டன் ஜெர்மானியர் வெளியேற்றம்

சுடேட்டன் ஜெர்மானியர் வெளியேற்றம் என்பது, இரண்டாம் உலகப் போரின் முடிவில், 1945 மே மாதத்துக்கும் 1946ஆம் ஆண்டின் இறுதிக்கும் இடையில், செக்கோஸ்லவாக்கியாவில் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்துவந்த ஏறத்தாழ 30 இலட்சம் ஜெர்மன் மொழி பேசும் மக்கள் அந்நாட்டிலிருந்து அகற்றப்பட்ட நிகழ்வைக் குறிக்கும். நாட்சி ஜெர்மனியின் ஆக்கிரமிப்புக்கு இம்மக்கள் துணைநின்றனர் என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணமாகும். இவர்களுடைய குடியுரிமையும் சொத்துக்களும் அரச ஆணைகள் மூலம் பறிக்கப்பட்டன. ஒரு மக்கள் கூட்டத்தை அதன் உறுப்பினர் ஒவ்வொருவரது செயலையும் தனித்தனியே ஆராயாமல் பொறுப்பாக்க முடியுமா, அவ்வாறு அகற்றப்பட்டோர் திரும்பிவரும் உரிமை எவ்வளவு காலம் நீடிக்கும் ஆகிய வினாக்கள் தொடர்பில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் நிகழ்வுகளுள் இதுவும் ஒன்றாகும். போலந்து, ஹங்கேரி, யுகோஸ்லாவியா ஆகிய நாடுகளிலிருந்தும் இதே காலத்தில் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டனர் எனினும் இக்கட்டுரை செக்கோஸ்லவாக்கியாவை மட்டுமே கருத்தில் கொள்கிறது.

பெயர்

செக் மொழியில் இந்நிகழ்வு பொதுவாக "ஒட்சுன்" எனப்படுகிறது. இதனை "இடமாற்றம்" அல்லது "அப்புறப்படுத்தல்" எனத் தமிழில் கூறலாம். ஜெர்மன் மொழியில் வழங்கும் "ஃபெர்ட்ரைபுங்" என்னும் சொல்லுக்கு "துரத்தியடித்தல்" என்பது பொருள். ஒரு சொல் நிர்வாகச் செயலொன்றை உணர்த்த, மற்றையது வன்முறையை உணர்த்துவதால், எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பதே நீண்டகாலம் அரசியல் நிலைப்பாடாகக் கருதப்பட்டது. "சுடேட்டன்" என்னும் மலைத்தொடரின் பெயர், பொஹீமியா, மொராவியா, சிலேசியா ஆகிய பகுதிகளின் ஜெர்மானியர் அனைவரையும் குறிக்கும் பெயராக 20ஆம் நூற்றாண்டிலேயே பரவலானது.

பின்னணி

பொஹீமிய அரசர்களின் அழைப்பின் பேரில் 12ஆம், 13ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மன் குடியானவர்களும் சுரங்கத் தொழிலாளரும் கைவினைஞரும் எல்லைப்புற மலைப் பகுதிகளில் பெருமளவில் குடியேறினர். 1918இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு சிதைந்தபோது இப்பகுதிகள் புதிய செக்கோஸ்லவாக்கியக் குடியரசுக்குள் அமைந்தன. இம்மக்களின் விருப்பம் கேட்கப்படவில்லை. 1919 மார்ச் 4ஆம் நாள் பல நகரங்களில் நடந்த ஜெர்மானியர் ஆர்ப்பாட்டங்களின்மீது செக் படையினர் சுட்டதில் 54 பேர் இறந்தனர். 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நாட்டின் ஏறத்தாழ 1 கோடி 47 இலட்சம் மக்களுள் 32 இலட்சம் பேர் ஜெர்மானியர். இவர்கள் எண்ணிக்கையில் சுலோவாக்கியரைவிடக் கூடுதலானவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

இருப்பினும் இரு மக்களுக்கும் இடையிலான உறவு தொடக்கம் முதலே பகையாக மட்டும் இருந்ததில்லை. 1926 முதல் ஜெர்மன் கட்சிகள் சில பிராக் அரசாங்கத்தில் பங்கேற்றன. 1930களின் பொருளாதார நெருக்கடி, ஏற்றுமதியை நம்பியிருந்த கண்ணாடி, நெசவுத் தொழில்களைத் தாக்கியது. அத்தொழில்கள் பெரும்பாலும் ஜெர்மானியர் வாழ்ந்த பகுதிகளிலேயே இருந்தன. இதே காலத்தில் ஹிட்லர் ஜெர்மனியில் ஆட்சியைப் பிடித்தார். 1933இல் கொன்ராட் ஹென்லைன் தொடங்கிய இயக்கம், 1935ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜெர்மானியர் வாக்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றது. 1938இல் இக்கட்சி வெளிப்படையாகவே ஹிட்லரின் கருவியாகச் செயற்பட்டது.

இதற்கு உடன்படாத ஜெர்மானியரும் இருந்தனர். வென்செல் யாக்ஷ் தலைமையிலான ஜெர்மன் சமூக சனநாயகவாதிகள் இறுதிவரை குடியரசின் பக்கம் நின்றனர். 1938 செப்டம்பர் இறுதியில் ஏற்பட்ட மியூனிக் உடன்படிக்கை எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்கு வழங்கியபோது, இவர்களுள் ஆயிரக்கணக்கானோர் கைதுசெய்யப்பட்டு டாஹௌ முதலிய வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். அதே வேளையில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட செக் மக்கள் எல்லைப் பகுதிகளிலிருந்து உள்நாட்டுக்கு ஓடிவந்தனர். ஆகவே இந்த மண்ணில் முதலில் அகதிகளானோர் செக் மக்களும், யூதர்களும், நாட்சி எதிர்ப்பு ஜெர்மானியருமே ஆவர். 1945இல் இச்செக் மக்கள் தம் வீடுகளுக்குத் திரும்பியதும் ஒரு மீள்திரும்பலே. வெளியேற்றம் பற்றிய ஜெர்மன் எழுத்துக்களில் இது பல வேளைகளில் விடுபட்டுப் போகிறது.

1939 மார்ச் 15 அன்று எஞ்சிய செக் பகுதிகளும் ஆக்கிரமிக்கப்பட்டன. ஆறு ஆண்டு ஆட்சியில் பொஹீமியா, மொராவியாவைச் சேர்ந்த ஏறத்தாழ 78,000 யூதர்கள் கொல்லப்பட்டனர். 1942 மே மாதம் ஆக்கிரமிப்பு ஆட்சியின் தலைவன் ரைன்ஹார்ட் ஹைட்ரிக் பிராக் நகரில் தாக்கப்பட்டு, சில நாட்களில் இறந்தான். இதற்குப் பழிவாங்கும் முகமாக ஜூன் 10 அன்று லிடிட்சே என்னும் ஊரின் ஆண்கள் 173 பேர் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டனர். பெண்கள் ராவன்ஸ்புரூக் முகாமுக்கும், குழந்தைகளுள் 82 பேர் ஹெல்ம்னோ கொலைக்களத்துக்கும் அனுப்பப்பட்டனர். அவ்வூர் தாக்குதலுடன் எத்தொடர்பும் அற்றது. கூட்டுத் தண்டனை என்பதை அந்நாட்டு மக்கள் ஆக்கிரமிப்பாளரிடமிருந்தே நேரடியாக அறிந்துகொண்டனர்.

முடிவு உருவான விதம்

லண்டனில் புலம்பெயர்ந்த அரசை நடத்திய எட்வர்ட் பெனெஷ், தொடக்கத்தில் ஜெர்மானியருள் ஒரு பகுதியினரை மட்டும் வெளியேற்றுவது, சில எல்லைப் பகுதிகளை விட்டுக்கொடுப்பது போன்ற திட்டங்களையும் ஆராய்ந்தார். லிடிட்சேக்குப் பின்னர் நிலைமை மாறியது. 1942 கோடையில் பிரித்தானிய அமைச்சரவை இடமாற்றக் கொள்கைக்கு இசைவு தந்தது. 1943 டிசம்பரில் பெனெஷ் மாஸ்கோவில் ஸ்டாலினின் ஆதரவைப் பெற்றார். அதே லண்டனில் அகதியாக இருந்த யாக்ஷ், நாட்சிகளைத் தண்டிக்க வேண்டும், ஆனால் ஒரு மக்களினத்தைத் தண்டிக்கக் கூடாது என வாதாடிப் பெனெஷிடமிருந்து பிரிந்தார்.

அக்காலத்தில் மக்கள் இடமாற்றம் குற்றச்செயலாகக் கருதப்படவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1923ஆம் ஆண்டின் லோசான் உடன்படிக்கையின் கீழ் கிரேக்கமும் துருக்கியும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்களைச் சமய அடிப்படையில் பரிமாறிக்கொண்டன. வேதனையானதாயினும் நிலையான அமைதிக்கு அது வழி எனப் பல அரசியல் தலைவர்கள் நம்பினர். அகற்றுவது தண்டனையா அல்லது எதிர்காலப் பாதுகாப்புக்கான ஏற்பாடா என்பதில் பெனெஷின் தரப்பு ஒரே விடையைத் தரவில்லை. பாதுகாப்பு என்றால் யார் குற்றமிழைத்தார் என்ற கேள்விக்கே இடமில்லை. தண்டனை என்றால் குற்றத்தை நிறுவ வேண்டும். இவ்விரண்டு நியாயங்களும் தேவைக்கேற்ப மாறிமாறிப் பயன்படுத்தப்பட்டன.

கட்டுக்கடங்கா வெளியேற்றம்

1945 மே மாதம் போர் முடிந்தவுடனேயே, வெளியேற்றம் எவ்விதப் பன்னாட்டு இசைவுமின்றித் தொடங்கிவிட்டது. ஆகஸ்ட் மாதம் வரையான இக்கட்டம் "காட்டு வெளியேற்றம்" எனப்படுகிறது. ஜெர்மானியர் வெள்ளைக் கைப்பட்டி அணியுமாறு கட்டாயப்படுத்தப்பட்டனர். பல இடங்களில் அதில், செக் மொழியில் ஜெர்மானியர் என்பதைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்துப் பொறிக்கப்பட்டிருந்தது. யூதர்கள்மீது நாட்சிகள் விதித்த கட்டுப்பாடுகளை இது வேண்டுமென்றே நினைவூட்டியது.

மே 30 இரவு பிர்னோ நகரின் ஜெர்மானியர் ஏறத்தாழ 20,000 பேர் ஆஸ்திரிய எல்லையை நோக்கிக் கால்நடையாக நடத்திச்செல்லப்பட்டனர். வேலை செய்யக்கூடிய வயதினரான ஆண்கள் பலர் ஏற்கெனவே தடுத்துவைக்கப்பட்டிருந்தமையால் நடந்தோர் பெரும்பாலும் பெண்களும் முதியோரும் குழந்தைகளுமே. எல்லை மூடப்பட்டதால் பலர் வழியிலுள்ள பொஹொர்ஷெலிட்சே என்னும் ஊரின் களஞ்சியங்களில் அடைக்கப்பட்டு வயிற்றுளைச்சலால் இறந்தனர். இறந்தோர் தொகை 1,700 முதல் 5,000க்கு மேல் வரை எனப் பலவாறாகக் கூறப்படுகிறது.

போஸ்டோலொப்ர்ட்டி நகரில் படையினர் கொன்று புதைத்தோரின் உடல்கள் 1947இல் தோண்டியெடுக்கப்பட்டபோது 763 உடல்கள் எண்ணப்பட்டன. பிரெரோவ் நகர் அருகே 1945 ஜூன் 18 இரவு, தொடர்வண்டியில் தம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுலோவாக்கிய ஜெர்மானியர் 265 பேர் இறக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். இவர்களுள் 120 பேர் பெண்கள், 74 பேர் குழந்தைகள். போர்முனையிலிருந்து விலக்கப்பட்டு வீடு திரும்பிக்கொண்டிருந்த அகதிகளே இவர்கள். ஜூலை 31 அன்று ஊஸ்டி நாட் லாபெம் நகரில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்ததும், கைப்பட்டி அணிந்தோர் தெருவிலும் எல்பே ஆற்றுப் பாலத்திலும் தாக்கப்பட்டனர். நாசவேலை என்ற குற்றச்சாட்டுக்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை.

இக்காலத்தில் எதிர்த்துச் செயற்பட்ட செக் மக்களும் உளர். பிரெமிஸ்ல் பிட்டர் என்னும் கிறித்தவ மனிதநேயர், பிராக் அருகேயுள்ள மாளிகைகளில் வதைமுகாம்களிலிருந்து மீண்ட யூதக் குழந்தைகளைப் பராமரிக்கத் தொடங்கினார். தடுப்பு முகாம்களில் ஜெர்மன் குழந்தைகள் பட்டினியால் இறப்பதைக் கண்டபின் அவர்களையும் அதே மாளிகைகளுக்கு அழைத்துவந்தார். இவ்வாறு மொத்தம் 810 குழந்தைகள் காப்பாற்றப்பட்டனர். பெர்டினான்ட் பெரௌட்கா நடத்திய வார இதழில் மிகால் மாரெஷ் என்னும் செய்தியாளர் எல்லைப் பகுதி வன்முறைகளை 1946இலேயே அம்பலப்படுத்தினார். பொதுவுடைமைக் கட்சி ஆட்சியைப் பிடித்த பின்னர் மாரெஷ் சிறையில் அடைக்கப்பட்டார்.

பெனெஷ் ஆணைகள்

நாடாளுமன்றம் இயங்காத காலத்தில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணைகள் பொதுவாகப் "பெனெஷ் ஆணைகள்" என அழைக்கப்படுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை வங்கி, பல்கலைக்கழகம் போன்ற பிற பொருள்கள் பற்றியவை. ஜெர்மானியரைப் பாதித்தவை சிலவே. ஜூன் 21 தேதியிட்ட 12ஆம் ஆணை அவர்களது விளைநிலங்களையும், அக்டோபர் 25 தேதியிட்ட 108ஆம் ஆணை ஏனைய சொத்துக்களையும் இழப்பீடின்றிப் பறிமுதல் செய்தன. 1929க்குப் பிந்தைய எந்தவொரு கணக்கெடுப்பிலும் தன்னை ஜெர்மானியர் எனப் பதிவுசெய்தவர் ஜெர்மானியராகக் கொள்ளப்பட்டார். 1930இல் கணக்கெடுப்பாளரிடம் தாய்மொழியைக் கூறியபோது, அவ்விடை 15 ஆண்டுகளுக்குப் பின் வீட்டையும் நிலத்தையும் தீர்மானிக்கும் என எவரும் அறிந்திருக்கவில்லை.

கூட்டுப் பொறுப்பு என்னும் பொருளில் முதன்மையானது 1945 ஆகஸ்ட் 2 தேதியிட்ட 33ஆம் ஆணையாகும். ஆக்கிரமிப்பின்போது ஜெர்மன் குடியுரிமை பெற்றோர், பெற்ற நாளிலிருந்தே செக்கோஸ்லவாக்கியக் குடியுரிமையை இழந்துவிட்டதாக அது அறிவித்தது. எல்லைப் பகுதி மக்களுக்கு 1938இல் அக்குடியுரிமை கூட்டாகவே வழங்கப்பட்டிருந்தது. ஏனைய ஜெர்மானியர் ஆணை நடைமுறைக்கு வந்த நாளில் குடியுரிமையை இழந்தனர்.

இவ்வாணையில் விதிவிலக்கும் இருந்தது. குடியரசுக்கு உண்மையாக நடந்து, செக், சுலோவாக் மக்களுக்கு எதிராக எக்குற்றமும் செய்யாது, அத்துடன் விடுதலைப் போராட்டத்தில் பங்கேற்றோ நாட்சிக் கொடுமைக்கு ஆளாகியோ இருந்தவர் குடியுரிமையைத் தக்கவைக்கலாம். இதனைச் சுட்டிக்காட்டி, தண்டிக்கப்பட்டது இனமல்ல, நடத்தையே எனச் செக் சட்ட அறிஞர் சிலர் வாதிடுவர். ஆனால் விதிவிலக்கின் அமைப்பை உற்றுநோக்கினால் வேறொன்று புலப்படும். முதலாவதாக, குற்றமற்றவர் என மெய்ப்பிக்கும் சுமை தனிமனிதர் மீதே வைக்கப்பட்டது. இரண்டாவதாக, குற்றம் செய்யாமலிருப்பது மட்டும் போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. எதிர்த்துப் போராடியோ துன்புற்றோ இருக்க வேண்டும். ஆக்கிரமிப்பு ஆட்சியில் அஞ்சி வாய்மூடி இருந்த செக் ஒருவரிடம் எவரும் இத்தகைய சான்றைக் கேட்கவில்லை. கைக்குழந்தை எவ்வாறு விசுவாசத்தை மெய்ப்பிக்கும் என்பதற்கும் ஆணையில் விடையில்லை.

வதைமுகாமிலிருந்து மீண்டுவந்த யூதர்கள் சிலரும் இவ்விதியில் சிக்கினர். 1930இல் ஜெர்மன் மொழியினராகப் பதிந்தமையால், திரும்பிவந்த தம் ஊரிலேயே அவர்கள் ஜெர்மானியராக நடத்தப்பட்டனர். 1946இல் வந்த அறிவுறுத்தல்கள் இதனை ஓரளவு தடுத்தன.

தனிமனிதப் பொறுப்பை விசாரிக்கும் வழி அப்போது இல்லாமல் இல்லை. 16ஆம் ஆணையின்கீழ் சிறப்பு மக்கள் நீதிமன்றங்கள் அமைக்கப்பட்டு நாட்சிக் குற்றவாளிகளும் உடந்தையாளரும் விசாரிக்கப்பட்டனர். சுடேட்டன் ஜெர்மானியரும் ஆக்கிரமிப்பு ஆட்சியின் அமைச்சருமான கார்ல் ஹெர்மான் ஃபிராங்க் 1946 மே 22 அன்று பிராக்கில் தூக்கிலிடப்பட்டான். மறுபுறம், 1946 மே 8 தேதியிட்ட 115ஆம் சட்டம், 1945 அக்டோபர் 28 வரை விடுதலைப் போராட்டத்துக்காகவோ ஆக்கிரமிப்பாளரின் செயல்களுக்கான நியாயமான பழிவாங்கலாகவோ செய்யப்பட்ட செயல்கள் சட்டவிரோதமானவை அல்ல என்றது. போர் முடிந்து ஐந்தரை மாதங்கள் வரை நடந்த கொலைகளுக்கு இது மறைப்பாயிற்று. பிரெரோவ் கொலைகளுக்குப் பொறுப்பான படை அதிகாரி தண்டிக்கப்பட்டமை அரிதான விதிவிலக்கு. அவனும் பொதுமன்னிப்பில் விடுவிக்கப்பட்டான்.

ஒழுங்குபடுத்தப்பட்ட வெளியேற்றம்

33ஆம் ஆணை பிறந்த அதே நாளில் முடிவுற்ற போட்ஸ்டாம் மாநாட்டில், இடமாற்றம் ஒழுங்காகவும் மனிதாபிமான முறையிலும் நடைபெற வேண்டும் என அமெரிக்கா, பிரித்தானியா, சோவியத் ஒன்றியம் ஆகியன முடிவுசெய்தன. 1946 ஜனவரி முதல் தொடர்வண்டிகளில் மக்கள் அனுப்பப்பட்டனர். பொதுவாக ஒரு வண்டியில் 1,200 பேர், ஒரு பெட்டியில் 30 பேர் என்பது கணக்கு. ஒருவர் 30 முதல் 50 கிலோ வரையான பொதியையே எடுத்துச்செல்லலாம். வீட்டுச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அவ்வாண்டில் ஏறத்தாழ 22 இலட்சம் பேர் இவ்வாறு ஜெர்மனியின் அமெரிக்க, சோவியத் ஆட்சிப் பகுதிகளை அடைந்தனர். நாட்சி எதிர்ப்பாளர்களுக்குத் தனி வண்டிகள் விடப்பட்டன. கூடுதல் பொருட்களை எடுத்துச்செல்ல இவர்களுக்கு அனுமதி கிடைத்தது. குற்றமற்றவர் என அரசே ஏற்றுக்கொண்ட இம்மக்களும், உறவினரும் அயலாரும் இல்லாத நாட்டில் வாழ விரும்பாமல் சென்றனர்.

ஏறத்தாழ இரண்டு இலட்சம் ஜெர்மானியர் நாட்டில் எஞ்சினர். இவர்களுள் சுரங்கங்களிலும் தொழிற்சாலைகளிலும் தேவைப்பட்ட வல்லுநர் பலர். 1953இல் இவர்களுக்கு மீண்டும் குடியுரிமை வழங்கப்பட்டது. வெளியேற்றத்தில் இறந்தோர் தொகை 2 இலட்சத்துக்கும் மேல் என ஜெர்மன் தரப்பில் நெடுங்காலம் கூறப்பட்டது. 1990இல் அமைக்கப்பட்ட கூட்டு வரலாற்றாளர் குழு, சான்றுகளின்படி அத்தொகை 15,000 முதல் 30,000 வரை இருக்கும் என 1996இல் அறிவித்தது.

குற்றமும் பொறுப்பும்

கூட்டுக் குற்றம் பற்றிய மெய்யியல் உரையாடல் இதே மாதங்களில்தான் வடிவம் பெற்றது. ஜெர்மன் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ், 1945-46 குளிர்காலத்தில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளில் குற்றத்தை நான்காகப் பிரித்தார். சட்டத்தை மீறியவருக்குரிய குற்றவியல் குற்றம், ஓர் அரசின் குடிமக்கள் அனைவரும் அவ்வரசின் செயல்களுக்காகச் சுமக்கும் அரசியல் குற்றம், மனச்சாட்சி மட்டுமே தீர்ப்பளிக்கக்கூடிய ஒழுக்கக் குற்றம், பிறர் கொல்லப்படுகையில் தான் உயிர்தப்பியிருப்பதால் எழும் மீவியற்பியல் குற்றம் என்பன அவை. இவற்றுள் அரசியல் குற்றம் மட்டுமே கூட்டானது. முழு மக்களும் ஒழுக்க வழியிலோ குற்றவியல் வழியிலோ குற்றவாளிகளாக முடியாது என்பது அவர் முடிவு. அன்னா ஆரென்ட் பின்னர் இதனை மேலும் கூர்மையாக்கி, குற்றம் எப்போதும் தனிமனிதருக்குரியது, பொறுப்பு கூட்டாக இருக்கலாம் என வேறுபடுத்தினார். எல்லோரும் குற்றவாளிகள் என்றால் உண்மையான குற்றவாளிகள் அக்கூட்டத்தில் மறைந்துவிடுவர் என்பது அவரது எச்சரிக்கை.

இப்பகுப்பைச் சுடேட்டன் ஜெர்மானியருக்குப் பொருத்தினால் எளிதான விடை கிடைப்பதில்லை. ஹென்லைனுக்கு வாக்களித்தோர், மியூனிக்கைக் கொண்டாடியோர், அயலாரான செக், யூதக் குடும்பங்களின் வீடுகளிலும் கடைகளிலும் குடிபுகுந்தோர் ஆகியோருக்கு அரசியல் பொறுப்பு உண்டு என்பதை மறுப்பது கடினம். அப்பொறுப்பின் விளைவாக இழப்பீடு செலுத்துதல், அரசியல் உரிமைகள் சிலவற்றை இழத்தல் போன்றவற்றை நியாயப்படுத்தலாம். ஆனால் தாய்நிலத்திலிருந்து என்றென்றைக்குமாக அகற்றுவது அவ்வகையில் அடங்காது. இழப்பீட்டைச் செலுத்தித் தீர்க்கலாம். வெளியேற்றமோ அக்காலத்தில் பிறந்தேயிராத பிள்ளைகள் மீதும் தொடர்கிறது.

செக் சமூகத்தினுள்ளும் இவ்விவாதம் நடந்தது. பொதுவுடைமை ஆட்சியின்போது இது தடுக்கப்பட்ட பொருளாகும். 1978இல் பாரிஸ் நகரிலிருந்து வெளிவந்த செக் இதழ் ஒன்றில், சுலோவாக்கிய வரலாற்றாளர் யான் மிலினாரிக் "டனூபியஸ்" என்னும் புனைபெயரில் எழுதிய கட்டுரை பெரும் புயலைக் கிளப்பியது. சொத்துரிமையையும் சட்டத்தையும் ஒரு பிரிவினருக்கு மறுக்கலாம் எனப் பழகிய சமூகம், 1948க்குப் பின் அதே முறை தன்மீது பயன்படுத்தப்பட்டபோது எதிர்க்க இயலாது போயிற்று என்பது அதன் மையக் கருத்து. மியூனிக்கும் ஆக்கிரமிப்பும் இல்லையேல் வெளியேற்றமும் இல்லை என்பதை இது மறைக்கிறது என எதிர்த்தோர் கூறினர். வாக்லாவ் ஹாவெல் 1989இன் இறுதியில், வெளியேற்றம் ஒழுக்கக்கேடான செயல் எனக் கூறியபோது நாட்டில் கடும் எதிர்ப்பு எழுந்தது.

1995 மார்ச் 8 அன்று செக் அரசியலமைப்பு நீதிமன்றம், லிபரெட்ஸ் நகரைச் சேர்ந்த ஒருவர் 108ஆம் ஆணைக்கு எதிராகத் தொடுத்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. கூட்டுக் குற்றம் என்பதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அதற்குப் பதிலாகப் பொறுப்பு என்னும் கருத்தை முன்வைத்து, நாட்சி இயக்கம் தோன்றி வளர்ந்தமைக்கான பொறுப்பு அதன் தலைவர்களோடு நின்றுவிடுவதில்லை என்றது. யாஸ்பர்ஸ், ஆரென்ட் ஆகியோர் ஒரு மக்களைக் காக்க வகுத்த வேறுபாடு இங்கே பறிமுதலை நிலைநிறுத்தப் பயன்பட்டது எனத் திறனாய்வாளர் குறைகூறுவர். ஆணை தன் பணியை முடித்துவிட்டது, இனிப் புதிதாக எவ்விளைவையும் உருவாக்காது என்றும் நீதிமன்றம் கூறியது.

மீள்திரும்பல்

வெளியேற்றப்பட்டோர் பலர் முதல் ஆண்டுகளில், இது தற்காலிகமானது என்றே எண்ணினர். எல்லையைக் கள்ளத்தனமாகக் கடந்து ஊர் திரும்பியோர் மீண்டும் பிடித்து அனுப்பப்பட்டனர். 1950இல் மேற்கு ஜெர்மனியில் ஏறத்தாழ 19 இலட்சம் சுடேட்டன் ஜெர்மானியர் இருந்தனர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பவேரியாவில் வாழ்ந்தனர். காப்லொன்ஸ் நகரின் கண்ணாடி அணிகலன் தொழிலாளர், காவ்ஃபோய்ரன் நகர் அருகே "நொய்காப்லொன்ஸ்", அதாவது புதிய காப்லொன்ஸ், என்னும் குடியிருப்பை அமைத்துத் தொழிலைத் தொடர்ந்தனர். 1952ஆம் ஆண்டின் சுமைப் பகிர்வுச் சட்டத்தின் மூலம் ஓரளவு இழப்பீடும் கிடைத்தது. இதனைச் செலுத்தியது செக்கோஸ்லவாக்கியா அல்ல, போரில் சொத்தை இழக்காத மேற்கு ஜெர்மானியரே.

1950 ஆகஸ்ட் 5 அன்று ஸ்டுட்கார்ட் நகரில் வெளியேற்றப்பட்டோர் அமைப்புக்கள் ஒரு பட்டயத்தை வெளியிட்டன. பழிவாங்கலைக் கைவிடுவதாகக் கூறிய இப்பட்டயம், தாய்நிலத்துக்கான உரிமையை மனித உரிமையாக ஏற்குமாறு கோரியது. தம் துன்பத்தை விரிவாகக் கூறிய இவ்வாவணத்தில், அத்துன்பத்துக்கு முன் நடந்தவை பற்றி ஒரு சொல்லும் இல்லை. எழுத்தாளர் ரால்ஃப் ஜியோர்டானோ உள்ளிட்டோர் இதனைக் கடுமையாகச் சாடினர். பழிவாங்கும் உரிமை தமக்கு இருந்ததைப் போல அதனைக் கைவிடுவதாகக் கூறுவதும் குறைகாணப்பட்டது.

1989க்குப் பின் எல்லைகள் திறந்தபோது வினா புதிய வடிவம் பெற்றது. எல்லைப் பகுதியில் 1945க்குப் பின் குடியேறிய செக், சுலோவாக், ரோமா மக்களும், வொலீனியா முதலிய இடங்களிலிருந்து வந்த செக் வம்சாவளியினரும் அங்கே ஒரு தலைமுறைக்கு மேல் வாழ்ந்துவிட்டனர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதுவே பிறந்த ஊர். ஒருவருடைய வீட்டை அவரிடம் திருப்பித் தருவது, எக்குற்றமும் செய்யாத இன்னொருவரை வெளியேற்றுவதாக முடியலாம். 1991ஆம் ஆண்டுச் சொத்து மீட்புச் சட்டங்கள் 1948 பெப்ரவரி 25ஐ எல்லை நாளாக வைத்ததன் மூலம், பொதுவுடைமை ஆட்சி பறித்ததை மட்டும் திருப்பிக் கொடுத்து, 1945இல் பறிக்கப்பட்டவற்றைத் தொடாமல் விட்டன.

இங்கு கவனிக்கத்தக்க முரண் ஒன்றுண்டு. சுடேட்டன் ஜெர்மானியர் அமைப்புக்கள் நெடுங்காலம் கோரியது ஒரு மக்களினத்தின் உரிமையை. தனித்தனி மனிதர் ஊர் திரும்புவதை மட்டும் அவை கேட்கவில்லை. கூட்டாகக் குற்றஞ்சாட்டுவதை எதிர்த்தோர் கூட்டாகவே திரும்பும் உரிமையைக் கேட்டபோது, 1938இல் அக்கூட்டு உரிமையின் பெயராலேயே தம் நாடு துண்டாடப்பட்டதைச் செக் மக்கள் நினைவுகூர்ந்தனர். அவர்களது அச்சத்துக்கு இது முதன்மைக் காரணம் எனலாம்.

1997 ஜனவரி 21 அன்று ஹெல்முட் கோல், வாக்லாவ் கிளவுஸ் ஆகியோர் கையெழுத்திட்ட ஜெர்மன்-செக் பிரகடனம் இரு தரப்புச் சொற்களையும் ஒரே தாளில் கொண்டுவந்தது. நாட்சிக் கொடுமைகளுக்கு ஜெர்மனி வருத்தம் தெரிவித்தது. குற்றம் கூட்டாகச் சாட்டப்பட்டதால் குற்றமற்றோரும் துன்புற்றமைக்கும், 115ஆம் சட்டத்தால் கொடுஞ்செயல்கள் தண்டிக்கப்படாது போனமைக்கும் செக் தரப்பு வருத்தம் தெரிவித்தது. சொத்து வினாவில் ஒவ்வொரு நாடும் தன் சட்ட நிலைப்பாட்டைத் தக்கவைத்துக்கொண்டது. கூட்டு எதிர்கால நிதியம் ஒன்றுக்கு ஜெர்மனி 14 கோடி மார்க்கும், செக் குடியரசு ஏறத்தாழ 2.5 கோடி மார்க்கும் வழங்கின. நாட்சிகளால் பாதிக்கப்பட்ட செக் மக்களுக்கு இதிலிருந்து உதவி கிடைத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் செக் குடியரசு சேருமுன் ஆணைகளை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது, ஆணைகளால் உருவான சட்ட, சொத்து நிலைகள் மாற்றமுடியாதவை எனச் செக் நாடாளுமன்றக் கீழவை 2002 ஏப்ரலில் ஒருமனதாகத் தீர்மானித்தது. ஐரோப்பிய நாடாளுமன்றம் கேட்டுப்பெற்ற சட்ட வல்லுநர் கருத்து, சேர்க்கைக்கு இது தடையல்ல என்றது. 2004இல் நாடு ஒன்றியத்தில் இணைந்தது. இதன் விளைவு சற்று விந்தையானது. முன்னாள் அகதியோ அவருடைய பேரப்பிள்ளையோ இன்று எல்லை கடந்து சென்று, தம் முன்னோர் ஊரில் வீடு வாங்கி வாழ எவ்விதத் தடையும் இல்லை. அவ்வாறு வாழும் உரிமை ஒன்றியத்துக் குடிமகன் என்பதால் கிடைப்பது, அவ்வூரிலிருந்து அகற்றப்பட்டவர் என்பதால் அல்ல. உரிமையைப் பயன்படுத்திச் சென்று குடியேறியோர் மிகச் சிலரே.

1995இல் பொஸ்னியப் போரை முடித்த டேட்டன் உடன்படிக்கையுடன் இதனை ஒப்பிடலாம். அவ்வுடன்படிக்கையின் 7ஆம் இணைப்பு, அகதிகள் அனைவரும் தம் சொந்த வீட்டுக்குத் திரும்பவும் சொத்தை மீளப்பெறவும் உரிமை வழங்கியது. போட்ஸ்டாமில் அமைதிக்கான வழி எனக் கருதப்பட்ட இனப்பிரிப்பு, ஐம்பது ஆண்டுகளில் மாற்றியமைக்கப்பட வேண்டிய தீங்காகியது. பொஸ்னியாவிலும் வீடுகள் பெருமளவில் மீட்கப்பட்டனவாயினும், மீட்ட வீட்டை விற்றுவிட்டுத் தன் இனத்தார் வாழும் இடத்துக்குச் சென்றோர் பலர்.

பிற்காலம்

அரசியலில் இப்பொருள் அணைந்துவிடவில்லை. 2009இல் குடியரசுத் தலைவர் கிளவுஸ், சொத்துக் கோரிக்கைகள் எழலாம் எனக் கூறி லிஸ்பன் ஒப்பந்தத்தில் விதிவிலக்குக் கேட்டார். 2013 தலைவர் தேர்தலில் கரெல் ஸ்வார்ட்சென்பெர்க், அன்றைய வெளியேற்றம் இன்று கடும் மனித உரிமை மீறலாகவே கருதப்படும் எனத் தொலைக்காட்சி விவாதத்தில் கூறியது, அவரது தோல்விக்கான காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. ஆணைகள் இன்றுவரை நீக்கப்படவில்லை.

மறுபுறம் சிறு அசைவுகள் நிகழ்ந்துள்ளன. 2005இல் செக் அரசு, நாட்சிகளை எதிர்த்தும் வெளியேற்றப்பட்ட, துன்புறுத்தப்பட்ட ஜெர்மானியரிடம் மன்னிப்புக் கேட்டது. போஸ்டோலொப்ர்ட்டியில் 2010இல் நினைவுப் பலகை வைக்கப்பட்டது. சுடேட்டன் ஜெர்மானியர் சங்கம், தாய்நிலத்தை மீளப்பெறுதல் என்னும் நோக்கத்தைத் தன் விதிகளிலிருந்து நீக்க 2015இல் தீர்மானித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் பிர்னோ நகரவை 1945 நிகழ்வுகளுக்கு வருத்தம் தெரிவித்தது. மே 30 அன்று செக், ஜெர்மன், ஆஸ்திரிய மக்கள் அந்நடைப்பயணப் பாதையை எதிர்த்திசையில், அதாவது பொஹொர்ஷெலிட்சேயிலிருந்து பிர்னோவை நோக்கி, நடந்தனர்.

செக் இலக்கியத்திலும் இது இடம்பெற்றுள்ளது. ராட்கா டெனெமார்கோவா 2006இல் வெளியிட்ட "ஹிட்லரிடமிருந்து பணம்" என்னும் பொருளுடைய புதினம், வதைமுகாமிலிருந்து ஊர் திரும்பி ஜெர்மானியராகக் கருதப்பட்டுத் துரத்தப்படும் யூதப் பெண்ணைப் பற்றியது. கத்தெரிஷினா டுச்கோவாவின் 2009ஆம் ஆண்டுப் புதினம் பிர்னோ நடையை மையமாகக் கொண்டது. 1998இல் செக் மாணவர்கள் தொடங்கிய ஆன்டிகொம்ப்ளெக்ஸ் என்னும் அமைப்பு, எல்லைப் பகுதி ஊர்களின் பழைய ஒளிப்படங்களைத் தேடியெடுத்து, அதே இடத்தில் நின்று மீண்டும் படமெடுத்து இரண்டையும் அருகருகே காட்சிக்கு வைத்தது. பல இணைகளில் முதற் படத்தில் தேவாலயமும் தெருவும் வீடுகளும் இருக்க, இரண்டாவதில் மரங்கள் மட்டுமே உள்ளன.